பூஜையில் வைத்த கிளவுஸ்

என் கணவர் ஒரு கையில் ஷூவும் மறு கையில் கைபேசியுமாக சரஸ்வதி பூஜை மேசையின் முன்னால் நின்றார். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் எங்கள் வரவேற்பறையில் இருக்கும் தாழ்வான மேசைதான் அது. வெள்ளை வேட்டி விரித்திருந்தோம். மேலே கும்பம், அவல், வாழைப்பழம், என் உணவு நுண்ணுயிரியல் புத்தகம், மாமியாரின் வயலின், எங்கள் எட்டு மாத மகளின் துணிப் புத்தகம், கணவரின் பேஸ்பால் கிளவுஸ்.

கிளவுஸின் உள்ளங்கையில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தேன். வைத்தது நான்தான்.

"இண்டைக்காம்," என்றார்.

"என்ன இண்டைக்கு?" என்று கேட்டார் மாமியார். அவரை நான் பெயர் சொல்லி அழைப்பதில்லை. யாழ்ப்பாண வழக்கப்படி எனக்கு அவர் மாமி.

"ட்ரயல். சனிக்கிழமை மழை பெய்யுமாம். அதால இண்டைக்கு பதினொரு மணிக்கு வரட்டாம்."

மணி எட்டேகால். கற்பூரம் அணைந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாமி மேசையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"வைச்சது வைச்சதுதான். நாளைக்குக் காலமை விஜயதசமி. அப்பதான் எடுக்கலாம்."

உள்ளே நிற்கும் நான்கு பேர்

இந்தத் தொடரில் என் கணவர் ஜனகனைப் பற்றி இதுவரை நான்கைந்து இடங்களில் "விளையாட்டு வீரர்" என்று மட்டும் எழுதி நகர்ந்துவிட்டேன். ராஜபாளையத்திலிருந்து ஒரு வாசகி, "கிரிக்கெட் என்றால் வெட்கப்படாமல் சொல்லலாமே" என்று எழுதியிருந்தார். கிரிக்கெட் இல்லை. அதனால்தான் தயங்கினேன்.

பேஸ்பாலில் பந்தைத் தடுப்பவர்களில் மூன்று பேர் தூரத்தில் புல்வெளியில் நிற்பார்கள். நான்கு பேர் உள்ளே, செம்மண்ணில் நிற்பார்கள். அந்த நான்கு பேரும் இன்ஃபீல்டர்கள். தரையோடு குதித்து வரும் பந்தைப் பொறுக்கி, அடித்தவர் ஓடி, 'பேஸ்' எனப்படும் முதல் முனையைத் தொடுவதற்குள் அங்கே எறிய வேண்டும். எல்லாம் நான்கு நொடிக்குள் முடிய வேண்டும். ஜனகனின் இடம் இரண்டாம் முனைக்கும் மூன்றாம் முனைக்கும் நடுவில். அதிகப் பந்துகள் அங்கேதான் போகும்.

அவர் ஆக்லாந்தில் பிறந்தவர். ஹில்ஸ்பரோவில் வளர்ந்தவர். பள்ளியில் சாஃப்ட்பால் ஆடி, பிறகு பேஸ்பாலுக்கு மாறினார். பதினெட்டு வயதில் ஓர் அமெரிக்க நிறுவனம் ஒப்பந்தம் போட்டு அழைத்துக்கொண்டு போனது. அங்கே பெரிய அணிக்குக் கீழே பல படிகளாகச் சிறிய அணிகள் இருக்கும். அவர் கீழேயிருந்து மூன்றாம் படிவரை ஏறினார்.

அங்கே ஒருவரை வேண்டாம் என்று சொல்லும் முறையை அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். வசந்த காலப் பயிற்சி முகாமில் காலை உணவு நேரத்தில் ஒரு மனிதர் உள்ளே வருவார். யார் தோளைத் தொடுகிறாரோ அவர் அன்றே ஊருக்குப் போகலாம். அந்த மனிதர் நடந்து வரும்போது எல்லோரும் குனிந்து, கட்டிய ஷூ நாடாவையே மறுபடி கட்டுவார்களாம். ஜனகனின் தோளைத் தொட்டபோது அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

"ரொட்டியைச் சாப்பிட்டுட்டு எழும்பினனான். நல்ல பட்டர்."

அதன் பிறகு ஐரோப்பாவில் சில கிளப்புகள். ஓர் அறையும் ஒரு சைக்கிளும் கொடுப்பார்கள். வார இறுதியில் ஆட வேண்டும். மற்ற நாட்களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். அங்கே கோடை முடிந்ததும் ஆஸ்திரேலியாவில் கோடை தொடங்கும். அங்கே மூன்று மாதம். இடையில் கிடைக்கும் வாரங்களில் ஆக்லாந்துக்கு வந்து, த்ரீ கிங்ஸில் ஒரு கார்ப்பெட் கடைக்காக வீடுகளில் கார்ப்பெட் விரிப்பார். எங்கள் திருமணத்துக்கு முன் என் அப்பா திண்டுக்கல்லிலிருந்து வீடியோவில் அவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"இந்த வேலையில ரிட்டயர்மென்ட் எப்போ மாப்ள?"

"ஒரு முப்பத்தஞ்சுக்குள்ள, மாமா."

"மிலிட்டரியிலகூட இன்னும் கொஞ்ச நாள் வச்சிருப்பாங்க," என்றார் அப்பா. பிறகு சம்மதம் சொன்னார்.

மாட்டுத்தோல்

நான் சொல்லும் நவராத்திரியின்போது ஜனகனுக்கு முப்பத்து மூன்று வயது. ஐரோப்பாவிலிருந்து அழைப்புகள் நின்றுவிட்டன. ஆஸ்திரேலியக் கோடைத் தொடரில் ஆடும் ஓர் அணி மட்டும், ஆக்லாந்துக்கு வந்து ட்ரயல் வைத்து சில இன்ஃபீல்டர்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தது. ஓர் இடம்தான் காலி. கிடைத்தால் நவம்பரிலிருந்து ஜனவரி முடியும்வரை அவர் ஆஸ்திரேலியாவில். கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். பதினைந்து வருடம் முடிந்தது என்று அர்த்தம். கார்ப்பெட் கடை முதலாளியும் நிரந்தர வேலை தருகிறேன், வார இறுதிக்குள் பதில் சொல் என்றிருந்தார்.

கிளவுஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்ஃபீல்டரின் கிளவுஸ் சிறியது. வாங்கும்போது பலகை போல் இருக்கும். ஒருவர் கைக்குப் பழக இரண்டு பருவமாவது ஆகும். பழகிய பிறகு இன்னொருவர் அதற்குள் கை நுழைக்கக் கூடாது. நான் ஒருமுறை தூசு தட்டுவதற்காக நுழைத்தேன். அவர் திட்டவில்லை. வாங்கி, பத்து நிமிடம் தன் கையில் போட்டபடி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மாமி வீட்டில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகமும் வயலினும்தான் வைப்பார்கள். எங்கள் வீட்டில் தொழில் கருவி. என் அப்பா இருசக்கர வாகன மெக்கானிக். ஆயுத பூஜையன்று எங்கள் பட்டறையில் ஸ்பேனர்கள் எல்லாம் எண்ணெய் துடைத்து, பொட்டு வைத்து வரிசையாகப் படுத்திருக்கும். அந்த ஞாபகத்தில், விடிந்ததும் கிளவுஸை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"இதென்ன பிள்ளை?" என்றார் மாமி.

"அவரோட தொழில் கருவி மாமி. எங்க ஊர்ல இதத்தான் வைப்போம்."

"மாட்டுத்தோல்."

"மிருதங்கமும் மாட்டுத்தோல்தான் மாமி."

மாமி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க வாதாடுகிறவர்களோடு பழகியவர். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வயலினைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். ஜனகன் வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். ட்ரயல் பூஜை நாளான வியாழனுக்கு மாறிய செய்தி புதன்கிழமை மாலையே வந்துவிட்டது. அவருடைய கைபேசி சமையலறையில் சார்ஜில் இருந்தது. திரை ஒளிர்ந்தது. நான் கொண்டைக்கடலையை ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். படித்தேன். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் குழந்தை அழுதாள். அவளுக்குக் காய்ச்சலோ என்று மூன்று முறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. பிறகு மறந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் நவம்பரிலிருந்து மூன்று மாதம் குழந்தையோடு தனியாக இருக்க வேண்டுமே என்று நான் அந்த வாரம் முழுக்கப் பயந்துகொண்டிருந்ததும் உண்மை. மாமிக்கு வாரத்தில் பாதி நாள் இரவு வேலை. குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தேன். அந்தத் தாளில் முதல் வரி, "ஜனகனைக் கூப்பிடு."

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நியாயமான எவரும் "மறந்துவிட்டேன்" என்பதை நம்ப மாட்டார்கள். நானே ஒருநாள் நம்புவேன், மறுநாள் நம்ப மாட்டேன்.

வடக்கு எந்தப் பக்கம்

மேசையைச் சுற்றி மூன்று பேரும் நின்றோம்.

"பழைய கிளவுஸ் இருக்கா?" என்று கேட்டேன்.

"அதிண்ட வார் அறுந்திட்டு."

"வேற யார்கிட்டயாவது வாங்க முடியாதா?"

"இன்னொருத்தற்ற பல்லை வாங்கிக் கட்டிக்கொண்டு சாப்பிடலாம்தான்," என்றார் ஜனகன்.

"சரஸ்வதி பூஜையில பல்லுக் கதை கதைக்காத," என்றார் மாமி. பிறகு என் பக்கம் திரும்பினார். "இது உங்கட ஊர் வழக்கம் பிள்ளை. நீர்தான் வைச்சனீர். எடுக்கலாமோ எண்டு நீர்தான் சொல்லோணும்."

ஜனகனும் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு."

நான் எதையும் மூன்று பேரைக் கேட்காமல் முடிவு செய்கிறவள் இல்லை. அதில் இரண்டு பேர் எதிரே நின்று என்னையே கேட்டார்கள். மூன்றாவது ஆள் என் அப்பா. திண்டுக்கல்லில் அப்போது இரவு ஒரு மணிக்கு முன்பின். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

கேட்டிருந்தாலும் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் பள்ளியில் படித்தபோது ஓர் ஆயுத பூஜையன்று, பிரசவம் பார்க்கப் போகும் நர்ஸம்மா ஒருவரின் மொபெட் எங்கள் பட்டறை வாசலில் நின்றுவிட்டது. அப்பா உள்ளே போய், பொட்டு வைத்த பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். வண்டி கிளம்பிப் போனது.

அடுத்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அந்த ஸ்பேனர்தான் காரணம். மிக்சி புகைந்தது ஸ்பேனரால். சித்தப்பாவை நாய் கடித்தது ஸ்பேனரால். ஒருநாள் அப்பா சாப்பாட்டின் நடுவில் தலை நிமிர்ந்து, என்னைக் காட்டி, "கயலுக்கு காலேஜ்ல சீட் கெடச்சுச்சே, அதுவும் ஸ்பேனராலயா?" என்று கேட்டார். அம்மா ரசம் ஊற்றியபடி, "அது அவ படிச்சா," என்றார்.

எனவே எடுக்கலாம் என்று அப்பா சொல்வார். அம்மா கூடாது என்பார். நான் இருவருக்கும் பிறந்தவள். எடுக்கச் சொன்னால், அவருக்கு இடம் கிடைத்துவிடலாம். வேண்டாமென்றால், பதினைந்து வருடத்தை ஒரு பொட்டு வைத்து நானே முடித்தவள் ஆவேன். அதுவும் புதன்கிழமை மாலையே படித்துவிட்டு.

"பூஜை முடிஞ்சதும் கும்பத்த வடக்குப் பக்கமா லேசா நகர்த்துவாங்கல்ல மாமி," என்றேன். "நகர்த்திட்டா பூஜை முடிஞ்சதா அர்த்தம். அப்புறம் எடுக்கலாம்."

"அது நாளைக்குச் செய்யிறது."

"இன்னைக்கே நகர்த்துவோம்."

"வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் ஜனகன்.

நாங்கள் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். யாருக்கும் தெரியவில்லை. கைபேசியில் திசைகாட்டியைத் திறந்தார். முள் சுற்றிச் சுற்றி, வாஷிங் மெஷின் இருக்கும் அறையைக் காட்டி நின்றது. நான் கும்பத்தை வாஷிங் மெஷின் பக்கமாக ஒரு விரல்கடை நகர்த்தினேன். மாமி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். கண்ணைத் திறந்து, "எடு. பொட்டை அழிக்காத," என்றார்.

இரண்டடி

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மைதானத்தின் கம்பி வலைக்கு வெளியே நின்றேன். வெயில், ஆனால் காற்று. குழந்தையின் காதை மூடினேன், வியர்க்குமோ என்று திறந்தேன், மறுபடி மூடினேன்.

ஆறு பேர் வந்திருந்தார்கள். பயிற்சியாளர் ஓர் ஆஸ்திரேலியர். தொப்பிக்குக் கீழே முகம் முழுவதும் சன்ஸ்கிரீன். ஜனகனின் கிளவுஸைப் பார்த்து, "என்ன அது, ரத்தமா?" என்று கேட்டார்.

"இல்லை. பிரார்த்தனை," என்றார் ஜனகன்.

"அப்படியானால் அதைத் துடைக்காதே," என்றார் அவர். இந்த விளையாட்டில் எல்லோரும் அப்படித்தான். சுண்ணாம்பால் போட்ட எல்லைக் கோட்டை மிதிக்க மாட்டார்கள். ஜெயிக்கிற வாரத்தில் காலுறையைத் துவைக்க மாட்டார்கள். மாமியைவிட ஆசாரம் அதிகம்.

பந்துகள் வர ஆரம்பித்தன. ஜனகனுக்கு நேராக வந்தவற்றை அவர் எடுத்த விதம், கூடையிலிருந்து வெங்காயம் எடுப்பது போல இருந்தது. அவசரமே இல்லை. பந்து கிளவுஸுக்குள் போவதும் மறு கையில் இருப்பதும் ஒரே செயல். எறிந்தவை எல்லாம் முதல் முனையில் நிற்பவரின் நெஞ்சுக்குப் போயின. பக்கத்தில் நின்றவர்கள் தாங்கள் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இடம் கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு பயிற்சியாளர் பந்தைச் சற்றுத் தள்ளி அடிக்கச் சொன்னார். வலப்பக்கம் இரண்டடி. இடப்பக்கம் இரண்டடி.

முதலாவது கிளவுஸின் விளிம்பில் பட்டுப் போனது. இரண்டாவதை எடுத்தார், எறியும்போது நேரம் கடந்திருந்தது. மூன்றாவது படவே இல்லை. அவர் பாய்ந்து மண்ணில் விழுந்து எழுந்தார். அடுத்து நின்ற ஒல்லியான வீரர் அதே பந்துகளை ஓடியே எடுத்தார். அவருடைய கை ஜனகனின் கை போல இல்லை. இரண்டு முறை பந்தைத் தடவித்தான் பிடித்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் பந்து வருவதற்கு முன்னால் அங்கே நின்றார்.

நான் பேஸ்பால் அறிந்தவள் இல்லை. பாலில் கிருமி இருக்கிறதா என்று சோதிக்கிற வேலையில் இருந்தவள். ஆனாலும் எனக்கே தெரிந்தது.

காருக்குள்

முடிவை அரை மணி நேரத்தில் சொல்வதாகச் சொன்னார்கள். காருக்குள் உட்கார்ந்தோம். குழந்தை பின் இருக்கையில் தூங்கிவிட்டாள். ஜனகனின் முழங்கையிலிருந்து செம்மண் என் கைப்பையில் உதிர்ந்தது.

"ஒண்ணு சொல்லணும்," என்றேன். "ட்ரயல் இன்னைக்குன்னு எனக்கு நேத்து சாயங்காலமே தெரியும். உன் ஃபோன்ல பார்த்தேன். சொல்லல. தெரிஞ்சும் கிளவுஸ பூஜையில வச்சேன்."

அவர் கண்ணாடி வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"இண்டைக்கு எண்டு. படுக்கைக்குப் போக முந்தியே மெசேஜைப் பார்த்திட்டன்."

"காலைல நான் கிளவுஸ வைக்கும்போது அங்கதானே நின்ன."

"ஓம்."

"ஏன் சொல்லல?"

அவர் முழங்கை மண்ணைத் தட்டினார். "கிளவுஸ் இல்லாமல் போய்ச் சரிவராட்டி, கிளவுஸ் இல்லாததாலதான் எண்டு சொல்லலாம். நீதான் எடுக்கச் சொல்லிட்டியே."

மன்னிப்புக் கேட்க வேண்டியது நானா அவரா, கேட்பதென்றால் வைத்ததற்கா எடுத்ததற்கா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பயிற்சியாளர் கண்ணாடியில் தட்டினார். ஜனகன் இறக்கினார்.

"இங்கே உன் கைகள்தான் நல்ல கைகள்," என்றார் அவர். "கால்கள் இல்லை. மன்னித்துக்கொள் நண்பா."

"சரி," என்றார் ஜனகன். "நன்றி."

பயிற்சியாளர் குனிந்து என்னிடமும் தலையசைத்தார். பின்னால் தூங்கும் குழந்தையைப் பார்த்து, குரல் தாழ்த்திச் சொன்னார். "நல்ல குடும்பம்."

தோளை அவர் தொடவில்லை. அதை நான் கவனித்தேன். ஜனகனும் கவனித்திருப்பார்.

வீட்டுக்கு வந்தோம். மாமி கதவைத் திறந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். கிளவுஸைக் குற்றம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கும்பத்தை வாஷிங் மெஷின் பக்கம் தள்ளியதைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "கடலை ஆறுது, சாப்பிடுங்கோ," என்றார்.

கோடை முழுக்க

மறுநாள் காலை புத்தகங்களை எடுத்தோம். விஜயதசமியன்று ஆளுக்கு ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்பது மாமியின் கட்டளை. நான் நுண்ணுயிரியலில் ஒரு பக்கம் படித்தேன். குழந்தை தன் துணிப் புத்தகத்தின் ஒரு மூலையைச் சப்பினாள்.

ஜனகன் பின்பக்கக் கதவுக்கு வெளியே போய்க் கைபேசியில் அழைத்தார். கார்ப்பெட் கடை முதலாளி எடுக்கவில்லை போலிருக்கிறது. செய்தி பதிவு செய்யும் குரலில், தன் முழுப்பெயரைச் சொன்னார். தெரியாதவரிடம் சொல்வது போல. பிறகு, அந்த வேலைக்குச் சம்மதம் என்றார். திங்களிலிருந்து வரலாம் என்றார். கடைசியாக, "கோடை முழுக்க இருப்பேன்," என்றார்.

நான் சமையலறையில் நின்று அதைக் கேட்டேன். அந்த வாரம் முழுக்க நான் கேட்க விரும்பிய வாக்கியம் அதுதான். சொல்லப்போனால் சொல்லுக்குச் சொல் அதுதான். கேட்ட பிறகு பால் பொங்கிய அடுப்பை அணைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த ஊரில் பிறந்தவர். ஆனால் பதினெட்டு வயதுக்குப் பிறகு ஒரு கோடையும் இங்கே இருந்ததில்லை.

"அம்மா," என்றார். "ஜனவரியில இஞ்ச ஆக்கள் என்ன செய்யிறவை?"

மாமி வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேள்வியை அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"புல்லு வெட்டுவினம்," என்றார். "பேந்து அது வளரும். திரும்பவும் வெட்டுவினம்."

ஜனகன் தலையை ஆட்டினார்.

"எத்தனை நாளைக்கு ஒருக்கா?" என்று கேட்டார்.